‘காத்திருக்கிறேன்’ மட்டும் போதுமா?

‘இஷ் முஸ் வார்ட்டன்.’

ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நம் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடும் வாக்கியம் இது. ‘நான் காத்திருக்க வேண்டும்’ என்று அர்த்தம். நர்ஸிங் முடித்துவிட்டு பி-2 தேர்வுக்காக உயிரைக் கொடுத்துப் படிக்கும் பெண்கள், மெக்கானிக்கல் முடித்த பையன்கள், கணவன் அங்கே இருக்க இங்கே ஏ-1 படிக்கும் மனைவிகள்... எல்லோரும் சொல்கிறார்கள். திறன் பெற்ற இந்தியத் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரமாக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தாலும் அறிவித்தது, தெருவுக்குத் தெரு ஜெர்மன் போர்டு!

அப்படி ஒரு பயிற்சி மையத்தின் நோட்டை சமீபத்தில் புரட்டினேன். ‘காத்திருத்தல்’ என்று ஒரு பாடம். ‘பரவாயில்லை, காத்திருக்கிறேன்’, ‘எங்கே உட்கார்ந்து காத்திருக்கலாம்?’, ‘பொறுமைக்கு நன்றி.’ எல்லாம் சரியான ஜெர்மன்தான். ஆனால், ‘ஏன்?’ என்று ஒரு வாக்கியம் இல்லை. ‘எப்போது முடியும்?’ என்று ஒரு வாக்கியம் இல்லை. கேட்டால், “சார், ஜெர்மன்காரங்ககிட்ட அப்படியெல்லாம் கேள்வி கேட்டா பிடிக்காது” என்றார்கள்.

யார் சொன்னது? ஜெர்மன்காரர் கேட்கிற கேள்வியைக் கேட்டால் நம்மவர்கள் அசந்துபோவார்கள். அங்கே டெர்மின் இல்லாமல், அதாவது முன்கூட்டியே நாளும் நேரமும் குறிக்காமல், ஒரு அரசு அலுவலகத்தில் வேலை நடப்பது கஷ்டம். காத்திருப்பு அந்த ஊர் வாழ்க்கையில் ஊறிப்போன விஷயம். நேரம் தவறாத நாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அதே நாட்டில், 2024-ல் நெடுந்தூர ரயில்களில் நூற்றுக்கு 62, 63தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிஷத்துக்குள் தாமதமானால் ‘நேரத்துக்கு வந்தது’ என்றே கணக்கு வைத்துக்கொண்டு!

ஆனால் பயணி சும்மா இருப்பதில்லை. ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் பணத்தில் 25 சதவிகிதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவிகிதம் திருப்பிக் கேட்கலாம். புயல், வெள்ளம் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. பி.காம். படித்தவன் புத்தியில் சொன்னால், அங்கே காத்திருப்பு என்பது பேரேட்டில் ஏறுகிற கணக்கு. பயணி பக்கம் வரவு, ரயில்வே பக்கம் பற்று. அதற்கென்று ஒரு படிவமே இருக்கிறது. ‘பரவாயில்லை, காத்திருக்கிறேன்’ என்று யாரும் அதில் எழுதுவதில்லை.

இந்தக் கேள்வி வாக்கியங்கள் கஷ்டமானவை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தமிழனுக்கு இவை அல்வா. “மூணு மாசமா காத்துக்கிட்டிருக்கேன்” என்கிறோம். நிகழ்காலம். ஜெர்மனிலும் நிகழ்காலமே: ‘இஷ் வார்ட்ட ஸைட் ட்ரை மோனாட்டன்.’ ‘மாசமா’வில் இருக்கிற அந்த ‘ஆ’தான் ‘ஸைட்’. இதை இங்கிலீஷ் வழியாகச் சொல்லிக்கொடுத்து, ‘ஹேவ் பீன் வெயிட்டிங்’கை அப்படியே ஜெர்மனுக்கு மாற்றச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை காத்திருந்து முடித்துவிட்ட மாதிரி ஒரு வாக்கியத்தை உளறுகிறது.

‘ஏனென்றால் நான் காத்திருக்க வேண்டும்’ என்பதற்கு ‘வைல் இஷ் வார்ட்டன் முஸ்.’ வார்த்தைக்கு வார்த்தை நம் வரிசை. இங்கிலீஷில்தான் தலைகீழ். இன்னொரு கொடுமை, ‘ஸீ ம்யூஸன் நிஷ்ட் வார்ட்டன்’. ‘நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை’ என்று அன்பாகச் சொல்கிறார் அதிகாரி. இங்கிலீஷ் ‘மஸ்ட் நாட்’ மண்டையில் ஏறிய பிள்ளைக்கோ, ‘இங்கே காத்திருக்கக் கூடாது’ என்று விரட்டுவதாகக் கேட்கிறது! தமிழிலேயே சொல்லிக்கொடுத்தால் இந்தக் குழப்பமே வராது. இங்கிலீஷில் நடத்தினால் ஃபீஸ் கூடக் கேட்கலாம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘லாஸன்’ என்கிற சின்ன வார்த்தை. ‘ஸீ லாஸன் மிஷ் வார்ட்டன்.’ நீங்கள் என்னைக் காக்க வைக்கிறீர்கள். நம் ‘காக்க வை’ அப்படியே அங்கே இருக்கிறது. ‘முஸ்’ போட்டால் காத்திருப்பது என் தலைவிதி. ‘லாஸன்’ போட்டால் எதிரே இருப்பவருக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அந்த நோட்டில் முதலாவது பக்கம் பக்கமாக இருந்தது. இரண்டாவது ஓரிடத்திலும் இல்லை.

விளையாட்டுப் பேச்சு இல்லை இது. ஜெர்மனியின் நிர்வாக நீதிமன்றச் சட்டம் 75-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒரு விண்ணப்பத்தின் மேல் போதிய காரணம் இல்லாமல் அலுவலகம் முடிவெடுக்காமல் கிடப்பில் போட்டால், பொதுவாக மூன்று மாதம் கழித்து விண்ணப்பித்தவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ‘செயல்படாமைக்கு எதிரான வழக்கு’ என்று அதற்குப் பெயர். ஜெர்மனில் ஒரே வார்த்தை, ஒரு ரயில் நீளத்துக்கு இருக்கும். வெளிநாட்டிலிருந்து விசா கேட்பவருக்கும் இந்த வழி உண்டு. பெர்லின் நீதிமன்றம் விசாரிக்கும். வழக்குப் போட்டாலே விசா கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். முடிவைச் சொல்ல வைக்க இது ஒரு வழி.

வேலை கொடுப்பவர் 411 யூரோ கட்டணம் செலுத்தி, விரைவு நடைமுறையில் விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடும் 2020 மார்ச்சிலிருந்து இருக்கிறது. அதில் படிப்புத் தகுதியை அங்கீகரிக்க, ஆவணங்கள் முழுதாகச் சேர்ந்த பிறகு இரண்டு மாதம் என்று கெடு. எட்டு, பத்து மாதமாக ‘வரும், வரும்’ என்று ஏஜென்ட் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் நர்ஸ்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது? வேலையை விட்டுவிட்டு, வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு மாசமும் நஷ்டம். அந்த நஷ்டத்தைக் கேள்வியாக மாற்றும் மொழிதான் அவளுக்கு வேண்டும்.

“முதல்ல வேலை கிடைக்கட்டும் சார், உரிமையெல்லாம் அப்புறம் கத்துக்கலாம்” என்று பயிற்சி மையக்காரர்கள் சொல்வார்கள். அப்புறம் எப்போது? ராத்திரி டியூட்டி முடித்து வந்து, சம்பளக் கணக்கு உதைக்கும்போதா?

புதிதாகப் புத்தகம் எழுத வேண்டாம். அந்தப் பாடத்தில் மூன்று வாக்கியம் சேருங்கள். ‘வோரான் லீக்ட் எஸ்?’ தாமதத்துக்கு என்ன காரணம்? ‘பிஸ் வான் பெகொம்ம இஷ் ஐன ஆன்ட்வோர்ட்?’ எந்தத் தேதிக்குள் பதில் கிடைக்கும்? மூன்றாவது அந்த ‘லாஸன்’. முன்னால் ‘பிட்ட’ போட்டு மரியாதையாகவே கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுங்கள்.

பெர்லின் வரை போவதற்குமுன் இந்தக் கேள்விகளை இங்கே நம் ஏஜென்ட்டிடமே கேட்டுப் பழகலாம். ஃபைல் யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், ரசீது எங்கே என்று. அவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.