முதல் நோயாளிதான் முதற் பாடமா?

சட்டம் பயிலும் மாணவன், மெய்யான கட்சிக்காரனின் காணியையோ உயிரையோ பணயம் வைத்துத் தன் முதல் வாதத்தைத் தொடங்குவதில்லை. போலி வழக்கு மன்றத்திலே பன்முறை இடறி விழுந்த பின்னரே நீதிமன்றம் ஏறுகின்றான். மூளையைத் தாக்கும் அரிய தொற்றுநோய்களை இனங்காண வேண்டிய இளம் வைத்தியருக்கு மட்டும் இத்தகைய ஒத்திகை வீண்செலவு என்று வாதிடுவோர் உளர். நோய் அரிதாம்! அரிதென்பதாலன்றோ ஒத்திகை வேண்டும்? நாள்தோறும் வரும் காய்ச்சலை வைத்தியர் பழக்கத்தால் அறிவார். ஆயுளில் ஒருமுறை வருவதை எந்தப் பழக்கத்தால் அறிவார்?

1998ஆம் ஆண்டு மலேசியாவின் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணையாளர் மூளைக்காய்ச்சலால் வீழ்ந்தனர். யப்பானிய மூளைக்காய்ச்சல் எனத் தீர்ப்பாயிற்று. நுளம்புக்கு மருந்தடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாட்சியங்களோ தீர்ப்புக்கு மாறாக நின்றன. அந்நோய் பெரிதும் சிறுவரையே பிடிப்பது. இங்கு வீழ்ந்தவர்களோ பன்றிகளோடு புழங்கிய வளர்ந்த ஆடவர். பன்றிகளும் நோயுற்றன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கோ பிங் புதிய வைரசைப் பிரித்தெடுத்த பின்னரே உண்மை புலப்பட்டது. அங்கு நோயுற்றோர் 265, மாண்டோர் 105. முன்பின் அறியாத வைரசை எவரும் ஒத்திகை பார்த்திருக்க முடியாதுதான். ஆனால் சாட்சியம் முரண்படும்போது முதல் முடிவைச் சந்தேகிக்கும் பழக்கத்தை ஒத்திகையால் ஊட்டலாம்.

எமக்கு அண்மையிலுள்ள கோழிக்கோட்டைப் பாருங்கள். 2018 மே மாதத்தில் ஒரே குடும்பத்தில் இரண்டாமவர் வீழ்ந்ததுமே அங்குள்ள வைத்தியர்கள் நிப்பாவைச் சந்தேகித்தனர். பாராட்டத்தக்க கூர்மை! ஆயினும் 17 உயிர்கள் போயின. நோயுற்றோருள் பெரும்பாலோர், நோய் இன்னதென்று அறியப்படுமுன் வைத்தியசாலைகளிலேயே தொற்றுக்கு இலக்கானவர்கள். மாண்டவர்களுள் ஒரு தாதியும் அடக்கம்.

இப்பயிற்சிக்குக் கோடிகள் வேண்டியதில்லை. 1963இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நரம்பியல் வைத்தியர் ஹாவர்ட் பரோஸ், நலமாயிருந்த ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்முன் நிறுத்தினார். அவ்வளவே! காய்ச்சல், தலையிடி, தடுமாறும் பேச்சு ஆகியவற்றோடு ஒருவர் நடித்து வரட்டும். எந்தக் குளத்தில் குளித்தார், எந்த விலங்கைத் தொட்டார், வீட்டில் வேறெவரும் படுத்திருக்கின்றாரா என்று வைத்தியர் கேட்கின்றாரா? முள்ளந்தண்டு நீரைச் சோதிக்க எண்ணுகின்றாரா? நோயாளியை வேறாக்குகின்றாரா, தாதிக்கு முகக்கவசம் கொடுக்கச் சொல்கின்றாரா? மறந்தாரானால் மீண்டும் நடத்துங்கள். அங்கே எவரும் சாகமாட்டார்கள்.

அந்த நடிகர் தமிழில் பேசவேண்டும். வன்னியின் வயலிலிருந்து வரும் கமக்காரன் தன் நோயைத் தமிழிலேதான் சொல்வான். அவன் சொல்லை அரைகுறையாய் விளங்கும் வைத்தியருக்குக் குளமும் விலங்கும் பதிவேட்டில் ஏறா. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவ பீடங்கள் உள்ளன. அவை மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் இப்பயிற்சியைக் கொண்டுசெல்லப் பணம் ஒதுக்குமாறு வரும் வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே எம் பிரதிநிதிகள் எழுந்து கேட்கட்டும். வாய் திறவாதோரின் பெயர்களைத் தொகுதிக் கூட்டங்களில் வாசிப்போம்.