கட்டைவிரலுக்கு ஒரு கணக்கு
ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற ரோபோ போட்டிக்காகப் பள்ளி மாணவர்கள் எழுதிய ஜாவா நிரல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டியில் ரோபோ முதல் 30 விநாடி தானாக ஓட வேண்டும். பிறகு 2 நிமிடம், வீடியோ கேம் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் பிள்ளைகளின் கையில். அந்த நிரலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு வரி. கன்ட்ரோலரின் ஸ்டிக்கைக் கட்டைவிரலால் அசைத்தால் -1 முதல் 1 வரை ஓர் எண் வரும். அதை அப்படியே மோட்டாருக்கு அனுப்பாமல் முப்படியாக்கி அனுப்பியிருந்தார்கள். பாதி தள்ளினால் 0.5 அல்ல, 0.125, எட்டில் ஒரு பங்கு வேகம்தான். முழுக்கத் தள்ளினாலோ 1 என்பது 1 ஆகவே நிற்கும். உச்ச வேகத்தில் எதையும் இழக்காமல், ஒரு பொருளை நெருங்கும் அந்தக் கடைசிச் சாண் தூரத்துக்கு நிதானம் கிடைத்துவிடுகிறது. வர்க்கப்படுத்தியிருந்தால் கழித்தல் குறி தொலைந்து, ரோபோ ஒரே திசையில்தான் ஓடியிருக்கும். விரலை எடுத்த பின்னும் ஸ்டிக் சரியாகப் பூச்சியத்துக்குத் திரும்பாமல் 0.03 என்று நிற்பதுண்டு. அந்தத் தொல்லையும் இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். எவ்வளவு அழகான தேர்வு! வகுப்பில் இதே முப்படிச் சார்பின் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைகிறோம். நடுவில் அது ஏன் தட்டையாகக் கிடக்கிறது என்று எந்த மாணவரும் கேட்பதில்லை, கேட்கக் காரணமும் நாம் தருவதில்லை. கணித ஆசிரியர்கள் ஒரு கன்ட்ரோலரையும் சின்ன ரோபோவையும் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். முதலில் ஸ்டிக்கின் எண்ணை அப்படியே அனுப்பியும், அடுத்து முப்படியாக்கியும் பிள்ளைகள் ஓட்டிப் பார்க்கட்டும்.