பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு சொல்லி என்ன பயன்?

மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் அன்றே, ‘அடுத்து என்ன படிக்கலாம்?’ என்ற பேச்சு வீடுதோறும் தொடங்கிவிடுகிறது. நாளிதழ்கள் வழிகாட்டிப் பக்கங்கள் வெளியிடுகின்றன. தனியார் கல்லூரிகள் மண்டபம் பிடித்துக் கண்காட்சி நடத்துகின்றன. அந்த நாளுக்குள் எத்தனை கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன என்பதை மட்டும் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ தேர்வு முந்தைய டிசம்பரிலேயே நடந்து முடிந்திருக்கும். ஐஐடி, என்ஐடி நிறுவனங்களுக்கு முதல் படியான ‘ஜேஇஇ மெயின்’ ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு சுற்று முடிந்திருக்கும். திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர உதவும் ‘க்யூட்’ தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலமும் கடந்திருக்கும். 550 மதிப்பெண் எடுத்த மாணவி இவற்றின் பெயரையே அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறாள் என்றால், குறை அவளிடம் இல்லை.

கல்லூரிக்குப் போவது என்ற முதல் போராட்டத்தில் தமிழ்நாடு பெருமளவு வென்றுவிட்டது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47%. நாட்டின் சராசரி 28.4%. பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், கோச்சிங் வகுப்புக்கு வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியின் வாசலைத் திறந்துவிட்டது. இனி எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கான விடை பன்னிரண்டாம் வகுப்பில் தீர்மானமாவதில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு கட்டமாகத் தீர்மானமாகிக்கொண்டே வருகிறது. படித்த குடும்பங்களுக்கு இது தெரியும். முதல் தலைமுறைக் குடும்பங்களுக்குத் தெரியாது. நம் கல்வி ஏற்றத்தாழ்வின் மிகப் பெரிய பகுதி இப்போது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

திட்டமிடுவது என்றதும் ஆறாம் வகுப்பிலேயே ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’ சேர்ப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பதினொரு வயதுக் குழந்தையின் மாலை நேரத்தைப் பறிப்பதற்குத் திட்டமிடல் என்று பெயர் வைக்க முடியாது. நான் கேட்பது தகவல். உரிய வயதில், உரிய மாதத்தில், காசு வாங்காமல் தரப்படும் தகவல்.

இதில் மிகக் கனமான முடிவு, பத்தாம் வகுப்பு முடிந்ததும் எடுக்கப்படும் குரூப் தேர்வு. பதினைந்து வயதில், சில நாட்களுக்குள், பெரும்பாலும் தலைமை ஆசிரியரின் மேசை முன்னால் நின்றுகொண்டே இது முடிந்துவிடுகிறது. மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களுக்குக் கணிதம்-உயிரியல், அடுத்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ், பிறகு காமர்ஸ், மிச்சம் இருப்பவர்களுக்கு வரலாறு அல்லது தொழிற்கல்வி என்று பங்கிடும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளியில் இருக்கும் குரூப்பே இரண்டோ மூன்றோதான் என்றால், அந்தப் பங்கீட்டுக்குக்கூட இடமில்லை. கணிதம் இல்லாத அறிவியல் குரூப்பில் சேர்ந்தால் பொதுப் பிரிவுப் பொறியியல் கலந்தாய்வு கைவிட்டுப் போகும். அதன் 200 மதிப்பெண் கட்ஆஃபில் சரிபாதி கணிதம். உயிரியல் இல்லாமல் சேர்ந்தால் மருத்துவம் மட்டுமல்ல, பி.எஸ்சி. நர்சிங்கும் போகும். கணிதமே இல்லாத வணிகவியல் குரூப்பில் படித்த பிள்ளை பொருளாதாரத்தில் ஆர்வம் கொண்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் படிக்க நினைத்தால், அங்கே கணிதம் கேட்பார்கள். மறுபக்கம், எந்த குரூப் படித்தாலும் திறந்திருக்கும் வாசல்களும் உண்டு. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, ‘நிஃப்ட்’ நடத்தும் ஆடை வடிவமைப்புப் படிப்புகள், சி.ஏ. எல்லாம் அப்படித்தான். வரலாறு குரூப் கிடைத்ததென்று மனம் ஒடிந்து உட்காரும் மாணவிக்கு இதை யாராவது அன்றே சொல்லியிருக்க வேண்டாமா?

குரூப்போடு சேர்ந்து இன்னொரு முடிவும் அதே வாரத்தில் நடக்கிறது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையை, நகையை அடகு வைத்தாவது தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். பெற்றோரின் ஆசை புரிகிறது. ஆனால் 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் கொண்டுவரப்பட்ட 7.5% உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரிப் படிப்புக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி என்பதே கணக்கு. கடைசி இரண்டு ஆண்டுக்காகப் பள்ளி மாறும்போது, கட்டணம் கட்டுவதோடு கட்டணமில்லா இடத்தையும் குடும்பம் இழக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்வது பள்ளியின் கடமை. தெரிந்த பிறகும் மாற்றினால் அது அவர்கள் விருப்பம்.

அடுத்தது பதினொன்றாம் வகுப்பு. தனியார் பள்ளிகள் பல அந்த ஆண்டுப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு ஆண்டு மனப்பாடம் செய்ய வைத்த கதை நாம் அறிந்ததே. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, மன அழுத்தத்தைக் காரணம் காட்டி அத்தேர்வு கைவிடப்பட்டது. அழுத்தம் குறைவதை நானும் வரவேற்கிறேன். ஆனால் பழைய பழக்கம் திரும்பினால் இழப்பு மாணவர்களுக்குத்தான். நீட், ஜேஇஇ இரண்டும் இரு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்கின்றன. அது கிடக்கட்டும், வெக்டார், எல்லை, வகையிடல் ஆகியவற்றின் அடித்தளமும் இயற்பியலில் இயக்கவியலும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து வந்த பிள்ளை, 190 கட்ஆஃப் எடுத்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டர் கணிதத்தில் தடுமாறத்தான் செய்யும். பொதுத்தேர்வு இல்லாத இந்த ஆண்டுகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் உண்மையிலேயே நடத்தப்படுகிறதா என்று கல்வித் துறை பள்ளிதோறும் ஆய்வு செய்ய வேண்டும்.

சான்றிதழ் விஷயம் சிறியதாகத் தோன்றும். கடைசி நேரத்தில் பெரும் தொல்லை தரும். பிற்படுத்தப்பட்டோர் என்று தமிழ்நாடு அரசு தரும் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. கிரீமி லேயர் அல்லாத ஓபிசி சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில், அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், இன்ஷியலில் குழப்பம் என்றால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு விண்ணப்பத்தோடு முடியும் வேலை, பிறகு அரசிதழ் வரைக்கும் அலைய விடும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும், அதன்கீழ் நடக்கும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் நல்ல முயற்சிகள். அவற்றின் முழு வேகம் பன்னிரண்டாம் வகுப்பில், அதுவும் பிள்ளைகளை நோக்கியே இருப்பதுதான் குறை. எந்த குரூப், எந்தப் பள்ளி என்று வீட்டில் முடிவெடுப்பவர்கள் பெற்றோர். சித்தாள் வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் அவர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகரின் அரங்குக்கு வர மாட்டார்கள். ஆகவே தகவல்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; பெற்றோரே அதில் பெரும்பான்மை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெற்றோருக்காக ஆண்டுக்கு இருமுறை மாலை வேளையில் அந்தக் குழு கூட்டம் போடட்டும். எந்த குரூப் எந்தப் படிப்புக்கு வழிவிடும், எந்தத் தேர்வுக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும், எந்தச் சலுகைக்கு என்ன நிபந்தனை என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுக்கட்டும். அதே பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன மாணவர்களை அழைத்துப் பேச வைக்கட்டும். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு ஏதும் தேவையில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் கல்லூரிக்குப் போனவர்களாக இருப்பீர்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வருபவரின் மகளோ பக்கத்துத் தெருப் பையனோ இப்போது ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருக்கலாம். குரூப் தேர்வுக்கு முன்பே ஒரு மாலை அந்தப் பிள்ளையின் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள்.