கட்டிடத்தைப் பார்க்காதீங்க... கட்டிலைப் பாருங்க!

"நீட்" ரிசல்ட் வந்துவிட்டால் சேலம் பழைய பஸ் நிலையத்தில் இதே பேச்சுதான். "பையனை எந்த மெடிக்கல் காலேஜில் போடலாம்?"

ஒருவர் சொல்கிறார், அங்கே ஏ.சி. வகுப்பாம். இன்னொருவர் சொல்கிறார், இங்கே ஹாஸ்டல் ஓட்டல் மாதிரி இருக்குதாம். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டில் எத்தனை? அதில் ஆள் படுத்திருக்கிறதா?

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருஷம். அதற்கு மேல் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் போட்ட விதிப்படி 100 மாணவர் சேரும் கல்லூரிக்கு 420 கட்டில் வேண்டும். 150 பேர் என்றால் 605. கட்டில் போட்டால் மட்டும் போதாது, நூற்றுக்கு 80-ல் நோயாளி இருக்க வேண்டும். ஏன் இந்தக் கெடுபிடி? 2025-ல் சி.பி.ஐ. போட்ட ஒரு வழக்கைப் பாருங்கள். இன்ஸ்பெக்ஷன் நாளில் போலி நோயாளிகளைப் படுக்க வைத்ததாக நாட்டின் சில தனியார் கல்லூரிகள் மேல் குற்றச்சாட்டு!

இப்போது ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஊர் ஊராக வளாகம். சேலம் அரியானூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2001-ல் நிகர்நிலை அந்தஸ்து பெற்ற விநாயகா மிஷன் பல்கலைக்கழகத்துக்கு சீரகாபாடியில் ஒரு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரிப் பக்கம் ஒன்று, காரைக்காலில் ஒன்று. அரசுக் கல்லூரிகளும் அப்படித்தான். சேலமோ நாமக்கல்லோ, பட்டம் கொடுப்பது சென்னை எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பட்டத்தில் பெயர் ஒன்றுதான். ஆனால் பையன் எந்த வார்டில் நிற்கிறானோ, அந்த வார்டுதான் அவனுக்கு வாத்தியார்.

சேலம் பெரியாஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் ஆரம்பித்த மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இரும்பாலை ரோட்டில். ஆஸ்பத்திரியோ நடு ஊரில். ராத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் லாரி மோதியவர், பாம்பு கடித்த விவசாயி, விசைத்தறியில் கை மாட்டியவர், பூச்சி மருந்தைக் குடித்த பெண். அங்கே நிற்கிற பயிற்சி டாக்டர் கற்கிற பாடம் எந்த ஏ.சி. அறையிலும் கிடைக்காது.

அதற்காக அரசு ஆஸ்பத்திரி எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வெள்ளைக் கோட்டு! என் சித்தப்பா ஒரு ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) வயிற்று வலி என்று படுத்திருந்தார். மாணவர்கள் வரிசையாக வந்து வயிற்றை அமுக்கினார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் வந்த பெண் மட்டும், "தாத்தா, கை வைக்கட்டுங்களா?" என்றாள். பெரிய டாக்டரிடமும் கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்த ரத்தப் போக்கை அவளிடம்தான் சொன்னார் சித்தப்பா!

"பசங்க படிக்கட்டும் கண்ணு, வேண்டாம்னா சொன்னேன்? கேட்டா என்ன குறைஞ்சு போயிரும்?" என்றார் என்னிடம்.

நோயாளியிடம் பேசுவது எப்படி என்பதை 2019 முதல் பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். வார்டில் சொல்லித்தர வேண்டியது பேராசிரியர்கள்.

நாமக்கல் கதை தனி. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது 1985-ல். மனுஷனுக்கான அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். கோழிக்கும் மாட்டுக்கும் அப்புறம் 37 வருஷம் கழித்து நமக்கு! முட்டை ஊர் ஆச்சே, கோழிக்குத்தான் முதல் மரியாதை.

தனியார் வளாகங்களுக்கு ஒரு யோசனை. கொல்லிமலை அடிவாரத்துக்கும் ஆத்தூர் பக்கத்துக்கும் தினம் பஸ் விடுங்கள். ஏழைக்கு இலவசமாகக் கட்டில் கொடுங்கள். அவருக்கு வைத்தியம் ஆச்சு, உங்கள் மாணவனுக்குப் பாடமும் ஆச்சு. தர்மம் என்று நினைக்க வேண்டாம். பாடப் புத்தகத்துக்குக் கொடுக்கிற விலை.

பெற்றோர்களே! பீஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓ.பி. சீட்டுக் கொடுக்கிற இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். அப்புறம் வார்டு பக்கம் நடந்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள்.