சாவி யாரிடம்?

வெள்ளையடிக்க வந்தவர் வீட்டுப் பூட்டையும் மாற்றிவிட்டுப் போனால் சும்மா இருப்போமா? ரூட் செய்த ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு அப்டேட்டும் அதைத்தான் செய்கிறது.

'ரூட்' என்றால் போனின் முழு அதிகாரம். கூடவே வந்த வேண்டாத செயலிகளை அடியோடு நீக்க அது வேண்டும். என் பிக்சல் போனில் பூட்லோடரைத் திறந்து (அப்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை), மேஜிஸ்க் என்ற இலவச மென்பொருளால் ரூட் பெற்றிருக்கிறேன். அப்டேட் வந்தால் பூட் பகுதி புதிதாகிவிடும், ரூட் போய்விடும்.

வழி உண்டு. இந்தப் போனில் சிஸ்டத்துக்கு இரண்டு அறைகள். நாம் குடியிருக்காத அறையில்தான் அப்டேட் இறங்கும். முதலில் மேஜிஸ்கில் பழைய பூட் பகுதியைத் திரும்ப வைக்க வேண்டும். அப்டேட் முடிந்ததும், ரீஸ்டார்ட் செய்யாமல், அடுத்த அறையிலும் மேஜிஸ்கை நிறுவ வேண்டும். பிறகே ரீஸ்டார்ட்.

என் சொத்துக்கு ஏன் இத்தனை சடங்கு? அலுத்துப்போனவர் அப்டேட்டையே நிறுத்திவிடுவார். பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே கிடக்கும். பாதுகாப்பின் பெயரால் போட்ட பூட்டு, பாதுகாப்பையே கெடுக்கிறது!

திருட்டுச் செயலியிடம் ரூட் சிக்கினால் ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு விண்டோஸ் கணினியில் நாம்தானே அட்மினிஸ்ட்ரேட்டர்? அதில் நெட் பேங்கிங் நடக்கிறதே! ரூட் செய்த போனைக் கண்டால் மட்டும் பல வங்கிச் செயலிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

எச்சரியுங்கள், இரண்டு முறை கேளுங்கள். சரி. ஆனால் அப்டேட்டா, அதிகாரமா என்று மிரட்டாதீர்கள். காசு கொடுத்தவரிடமே சாவி இருக்கட்டும்.