கண்ணு மங்கினா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க

"ஊசி போட்ட கண்ணு, அப்படித்தான் இருக்கும்"னு பீடோங் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒருத்தர் மூணு நாள் யார்கிட்டயும் சொல்லல. பிள்ளைங்க லீவு எடுக்கணுமேன்னு கவலை.

வயசானவங்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெடும்போது போடுற ஊசி பார்வையைக் காக்கும்; பயந்து நிறுத்தக் கூடாது. ஆனால் அரிதாகக் கிருமி தொற்றும். 2023-இல் பாகிஸ்தான் பஞ்சாபில் அவாஸ்டின் ஊசிக்குப் பிறகு பலர் பார்வை இழந்தார்கள். நோயாலேயே திடீரென ரத்தமும் கசியலாம்.

வலி, சிவப்பு, திடீர் மங்கல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தினமும் ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்க. வளைஞ்சு தெரிஞ்சா சொல்லிடுங்க.

தைப்பூசத்துக்கு வேன் பிடிக்கிற நாம, ஒரு பாட்டியை சுங்கைப்பட்டாணிக்குக் கூட்டிப்போக மாட்டோமா? கூப்பிடுங்க, வர்றோம். அதுவும் திருப்பணிதான்.