மூளைப் படம் உங்களுடையது, அதைத் திறக்கும் சாவியும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு லைக் போடாதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

மூளை ஸ்கேன் படங்களைப் பார்க்கும் மென்பொருள் ஒன்றை என் டெஸ்க்டாப்பில் நிறுவியிருக்கிறேன் என்று போன வாரம் நாலு வரி எழுதினேன். வந்த பதில்களில் பாதி கேலி. "டீச்சர், எப்ப டாக்டர் ஆனீங்க?" என்றான் ஒருவன். "அத்தை, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் என் அண்ணன் மகள். கோபமில்லை. ஆனால் பதில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். நாம் காசு கொடுத்து எடுக்கும் ஸ்கேனின் உண்மையான படம், பெரிய உறையில் போட்டுத் தரும் கறுப்பு ஃபிலிமில் இல்லை. டிஸ்கில் இருக்கிறது. அந்த டிஸ்கைக் கேட்டு வாங்கவும் பத்திரப்படுத்தவும் திறந்து பார்க்கவும் வீட்டுக்கு ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். "அதெல்லாம் டாக்டர் வேலை" என்று ஒதுங்குவது பணிவு ஆகாது. நமக்குச் சொந்தமான ஒன்றை நாமே தொலைப்பதுதான் அது.

நம்மூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பீங்கான் பட்டறையில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை எடுக்கும் அச்சைப் பார்த்திருப்பீர்கள். பொம்மையின் போட்டோ கையில் இருந்தால் முன்பக்கம் மட்டும் தெரியும். அச்சு கையில் இருந்தால் பொம்மையையே திரும்ப எடுக்கலாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். ஃபிலிம் என்பது போட்டோ. டிஸ்கில் உள்ள டைகாம் கோப்புகள்தான் அச்சு. டைகாம் என்பது எந்தக் கம்பெனி ஸ்கேன் மெஷினும் ஒரே முறையில் படத்தைச் சேமிப்பதற்காக 1993-இல் அந்தப் பெயரில் வந்த உலகப் பொது விதி. மூளையைச் சீவல் சீவலாக எடுத்த படங்கள் சில நூறு கோப்புகளாக அதில் இருக்கும்.

ஃபிலிமில் என்ன குறை என்கிறீர்களா? சி.டி. ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. இந்தக் கருவியை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். காற்றுக்கு மைனஸ் 1000, தண்ணீருக்குப் பூஜ்யம், எலும்புக்குப் பல நூறு. மூளைத் திசு ஏறக்குறைய 20-லிருந்து 40-க்குள் அடங்கிவிடும். புதிதாகக் கசிந்த ரத்தம் அதற்குக் கொஞ்சம் மேலே. இத்தனை பெரிய வீச்சையும் ஒரே படத்தில் கறுப்பு வெள்ளையாக அடித்தால் மூளை முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அதனால் வழக்கமாகப் பூஜ்யத்திலிருந்து 80 வரை உள்ள துண்டை மட்டும் விரித்து ஃபிலிமில் அடிக்கிறார்கள். எலும்பு பார்க்க வேண்டுமானால் வேறு துண்டு. பக்கவாதத்தின் ஆரம்ப அறிகுறி பார்க்க வேண்டுமானால் இன்னும் குறுகலான துண்டு. ஃபிலிமில் ஒருமுறை அடித்தது அடித்ததுதான். டைகாம் கையில் இருந்தால் மவுஸை இழுத்தாலே துண்டு மாறும். எண்கள் எல்லாம் அப்படியே உள்ளே இருக்கின்றன.

அந்த ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டாக்டர் மாமா, இதைப் பார்த்துச் சொல்லுங்க" என்கிறோம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவர் எதைச் சொல்வார்?

இது வெறும் தொழில்நுட்பப் பேச்சு இல்லை. என் நாத்தனாருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தலைசுற்றல் வந்து ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் கேட்டோம். "ஃபிலிம் போதும்மா, டாக்டர் அதைத்தான் பார்ப்பார்" என்று அந்த மையத்தில் சொல்லிவிட்டார்கள். பிறகு மறுபடி தொந்தரவு வந்து புதிதாக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "இது பழசா, புதுசா?" பழைய ஃபிலிம்கள் மழைக்கால ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஸ்கேன் எடுத்த இடத்தில் விசாரித்தால், கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டோம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து ஒப்பிட்ட பிறகுதான் புள்ளி வளரவில்லை என்று தெரிந்தது. அந்த மூன்று மாதமும் அவர் தூங்கவில்லை. வாங்காமல் போன ஒரு டிஸ்க்தான் அத்தனைக்கும் காரணம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதே விதியில் இன்னொன்றும் உண்டு. உள்நோயாளியின் பதிவுகளை மருத்துவர் வைத்திருக்க வேண்டிய காலம் 3 ஆண்டுதான். அதற்குப் பிறகு யார் வைத்திருப்பார்கள்? நாம்தான் வைத்திருக்க வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

"ரிப்போர்ட் இருக்கிறதே, படம் எதற்கு?" ரிப்போர்ட் என்பது ஒருவர் பார்த்து எழுதியது. இரண்டாவது டாக்டரிடம் போனால் அவர் தன் கண்ணால் பார்க்க விரும்புவார். விடைத்தாளைத் தராமல் மதிப்பெண்ணை மட்டும் கொடுத்து மறுமதிப்பீடு செய்யச் சொன்னால் எந்த ஆசிரியர் ஒப்புக்கொள்வார்?

"ஜனங்கள் தாங்களே பார்த்துப் பயந்துபோவார்கள்." இதில் நியாயம் இருக்கிறது. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: இந்த மென்பொருளை வைத்து யாரும் நோய் கண்டுபிடிக்காதீர்கள். ஒவ்வொரு மூளையிலும் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும், எது நோய் என்று சொல்ல வருடக்கணக்கில் படிக்க வேண்டும். அதைச் செய்தவர்களே "இது ஆராய்ச்சிக்கு, சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றதல்ல" என்றுதான் சொல்கிறார்கள். டிஸ்கில் எல்லாப் படமும் இருக்கிறதா, பெயரும் தேதியும் சரியா, பழசும் புதுசும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நம் வேலை. அதற்கு மேல் டாக்டர் வேலை. வீட்டுப் பத்திரத்தை நாம் பீரோவில் வைத்திருக்கிறோம், அதற்காக வக்கீலாகிவிட்டோமா?

"இதுக்கெல்லாம் பெரிய கம்ப்யூட்டரும் லட்சக்கணக்கில் பணமும் வேண்டுமே." இல்லை. நான் நிறுவியிருப்பது 3டி ஸ்லைசர். 1998-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகமும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கியது. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 64 பிட் கம்ப்யூட்டரும் 8 ஜிபி ரேமும் இருந்தால் ஒரு தலை ஸ்கேனைத் தாராளமாகப் பார்க்கலாம். இன்னும் எளிமையாக வேண்டுமென்றால் ஜெனீவா மருத்துவமனையில் தொடங்கிய வீசிஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். கடையில் திருட்டு சாஃப்ட்வேர் ஏற்றி வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ஸ்கேனுக்குப் பணம் கட்டும்போதே "டைகாம் டிஸ்க் வேண்டும்" என்று சொல்லுங்கள். முடிந்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

2. டிஸ்கிலேயே சின்னதாக ஒரு பார்வை மென்பொருள் இருக்கும். அதை நம்பாதீர்கள். பெரும்பாலும் விண்டோஸில் மட்டும் ஓடும், புதுக் கம்ப்யூட்டரில் மக்கர் பண்ணும். முழு ஃபோல்டரையும் கம்ப்யூட்டரில் காப்பி செய்யுங்கள். உள்ளே உள்ள கோப்புகளின் பெயரை மாற்றாதீர்கள். பென்டிரைவில் இன்னொரு பிரதி. இப்போதைய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் போடும் இடமே இல்லை, வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ் ஒன்றைத் தெருவுக்கு ஒருவர் வாங்கி வைத்தால் போதும்.

3. மென்பொருளை நோய் வருவதற்கு முன்பே நிறுவுங்கள். ஸ்லைசரிலேயே மாதிரித் தலை எம்.ஆர்.ஐ. ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். அதைத் திருப்பிப் பார்த்துப் பழகுங்கள்.

4. டைகாம் கோப்புக்குள் நோயாளியின் பெயர், வயது எல்லாம் எழுதியிருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள். பெயரை நீக்கினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2019-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், தலை எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தை உருவாக்கி, முகமறியும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். 84 பேரில் 70 பேரை அது சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. மூளைப் படத்துக்குள் நம் முகமும் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2011-இலிருந்து பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. நம் தெருக்களிலும் பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் என்ன செய்கிறோம்? விண்ணப்பம் போடுகிறோம், ஹால் டிக்கெட் எடுக்கிறோம், படம் பார்க்கிறோம். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருவில் உள்ள குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024-இல் உலகத்துக்கே இலவசமாக வெளியிட்டது. நம் மாநிலத்தில் செய்த வேலை. அதை விருத்தாசலத்தில் உட்கார்ந்து எந்தப் பிள்ளையும் பார்க்கலாம். பார்க்கச் சொல்லித் தருவதற்குத்தான் ஆள் இல்லை.

அந்த ஆள் நீங்கள்தான். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் அப்பா அம்மாவுக்குப் புதுச் செல்போன் வாங்கி வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பீரோவில் கிடக்கும் பழைய ஸ்கேன் டிஸ்குகளை எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, தேதி போட்டு ஃபோல்டர் செய்து கொடுத்துவிட்டுப் போங்கள். நான் போன பின் யாராவது செய்வார்கள் என்று விடாதீர்கள். "இது பழசா, புதுசா?" என்று டாக்டர் கேட்கிற நாளில் நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள். பதில் வீட்டில் இருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கேலி செய்வதானாலும் செய்யுங்கள், நிறுவிவிட்டுச் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்